அளவு ஜாக்கெட்

ஹுமைரா: துணியக் குடுத்துட்டே, சரி. அளவு ஜாக்கெட் எங்க செம்மொழி?

செம்மொழி: அது வேணாங்கக்கா. டேப்ப எடுங்க. உடம்புல அளங்க.

ஹுமைரா: எதுக்கு? நாலு வருஷமா அளவு ஜாக்கெட் வெச்சுத்தானே தெக்கிறேன்… உங்கம்மா கொண்டாந்து குடுப்பாங்க.

செம்மொழி: இந்தத் தடவை நானே வந்திருக்கேன்ல. வியாழக்கிழமை தஞ்சாவூர்ல பட்டமளிப்பு. இந்தப் புடவையோட மேடை ஏறணும்.

ஹுமைரா: சாயங்காலம் போவியே, அந்தக் காலேஜா? முடிச்சிட்டியா! மாஷா அல்லா…

செம்மொழி: பேச்ச மாத்தாதீங்கக்கா. அளங்க.

ஹுமைரா: சரி, கையத் தூக்கு… மூச்ச ஏன்டி உள்ள இழுக்குறே?

செம்மொழி: பழகிப்போச்சு… இருங்க, விட்டுர்றேன். ம். இப்ப.

ஹுமைரா: மார் சுத்து முப்பத்தெட்டு.

செம்மொழி: சத்தமா.

ஹுமைரா: முப்பத்தெட்டு! போதுமா? தெரு முனை வரைக்கும் கேட்டிருக்கும்.

செம்மொழி: கேக்கட்டும். போன ஜாக்கெட்டுக்கு உங்க நோட்டுல என்ன போட்டிருக்கீங்க?

ஹுமைரா: அது… பழைய நோட்டும்மா. எங்கியோ கெடக்கு.

செம்மொழி: மெஷின் மேல இருக்கே. நீல அட்டை.

ஹுமைரா: இந்தா, உங்கம்மாவே வந்துட்டாங்க. வாங்கம்மா, வாங்க!

அம்சம்: எதுக்குடி அவசரமா வரச் சொன்னே? நடவு ஆளுங்கள அப்படியே விட்டுட்டு, சேத்துக் காலோட கும்பகோணம் பஸ் ஏறி வரேன்… ஏய் ஹுமைரா, அவ உடம்புல எதுக்கு டேப்பு?

செம்மொழி: முப்பத்தெட்டும்மா.

அம்சம்: நான் சொன்னேன்ல, ராத்திரி சோத்த நிறுத்துன்னு? மேடையில எல்லாப் புள்ளைங்களும் நாத்து மாதிரி நிக்கும். நடுவுல நீ நெல்லு மூட்டையாட்டம்…

செம்மொழி: நிறுத்திட்டேன். ரெண்டு வருஷமாச்சு. கிளாஸ் விட்டு வந்து மோரக் குடிச்சிட்டுப் படுக்குறேன்.

அம்சம்: அதானே, நான் எடுத்து வெச்ச சோறு எல்லாம்…

செம்மொழி: கோழிக்கு. அப்படியும் புது ஜாக்கெட் வந்தா கொக்கி மாட்டாது. “பாரு, மறுபடியும் பெருத்துட்டே”ன்னு கண்ணாடி முன்னாடி நிறுத்துவே.

அம்சம்: நான் சொல்லாம வேற யாரு சொல்லுவா? உன் நல்லதுக்குத்தான்டி…

செம்மொழி: அத்தை மவன் இளம்பரிதி கல்யாணத்துக்கு நான் ஏன் வரல?

அம்சம்: காய்ச்சல்னியே.

செம்மொழி: காய்ச்சல் இல்ல. கொக்கி மாட்டல. நீங்க எல்லாரும் வேன்ல ஏறினப்புறம் புடவைய மடிச்சு மடியில வெச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன்.

ஹுமைரா: யா அல்லா… இதுக்கு மேல என்னால வாய மூடிட்டு இருக்க முடியாதும்மா.

அம்சம்: ஹுமைரா! சும்மா இரு.

ஹுமைரா: ஒவ்வொரு தடவையும் அளவு ஜாக்கெட்ட விட அரை இஞ்ச் பிடிச்சுத் தெக்கச் சொன்னது உங்கம்மாதான். அடுத்த தடவை அந்தப் பிடிச்ச ஜாக்கெட்டே அளவுக்கு வரும். அதுலயும் அரை இஞ்ச்… மனசு கேக்காம உள்ள துணி விட்டுத்தான் தெச்சேன் செம்மொழி. சத்தியமா.

செம்மொழி: சொல்லும்மா.

அம்சம்: நான் சொன்னா நீ காதுல போட்டுக்கல. ஜாக்கெட் சொன்னா கேப்பேன்னு நெனச்சேன். பொண்ணு பாக்க வந்தவங்க வாசல்ல செருப்பு மாட்டும்போது என்ன சொன்னாங்கன்னு எனக்குத்தானே தெரியும்…

செம்மொழி: எனக்கும் கேட்டுச்சு. அவங்க ஒரே தடவை சொன்னாங்கம்மா. நீ நாலு வருஷமா சொல்றே.

அம்சம்: இப்ப என்ன பண்ணணுங்கிறே?

செம்மொழி: வியாழக்கிழமை வந்து முன்னாடி உக்காரு. என் உடம்பப் பத்தி நல்லதும் வேணாம், கெட்டதும் வேணாம். ஒரு வார்த்தை பேசக் கூடாது. அக்கா, கை குட்டையா வைங்க.

ஹுமைரா: வெச்சிடலாம். பழசையெல்லாம் கொண்டா, பிடிச்சதப் பிரிச்சு விட்டுர்றேன்.

அம்சம்: இரு… நடவு நேரம்னு தெரிஞ்சும் கடைக்கே வரணும்னு பிடிவாதம் பிடிச்சியே. உனக்கு… முன்னாடியே தெரியுமா?

செம்மொழி: இந்தாங்கக்கா, பையில நாலும் இருக்கு. முந்தாநாள் ஒண்ணொண்ணா அளந்து டைரியில எழுதிட்டேன்மா. முப்பத்தெட்டு, முப்பத்தேழரை, முப்பத்தேழு, முப்பத்தாறரை. என்னையும் அளந்தேன், அன்னிக்கும் இன்னிக்கும் அதே முப்பத்தெட்டு. நம்பாம மூணு தடவை அளந்தேன். நாலு வருஷத்துல ஜாக்கெட்டுதாம்மா இளைச்சிருக்கு.