இரண்டு பூப்பொட்டலங்கள்

போலீஸ் ஸ்டேஷன் டீ இவ்வளவு நன்றாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை, ஐயா. நல்லூரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், பனியன் கம்பெனி கட்டிங் மாஸ்டர் சென்னியப்பன் அதிர்ந்து பேசாத ஆள் என்பார்கள்.

என் பெண்சாதி மயிலாளை அடிப்பேன், அதை மறைக்கவில்லை. கல்யாணமான புதிதிலிருந்தே பழக்கம். தொண்ணூற்று மூன்றில் எனக்கு வலிப்பு வந்தது. கோயமுத்தூரில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் ஒரு கிருமிக் கட்டி. முன்கோபத்துக்கு அதுவும் காரணமாக இருக்கலாம் என்றார் டாக்டர். அந்த ‘இருக்கலாம்’ அவள் காதில் விழவே இல்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“இத்தன வருசமா அடிச்சது நீங்க இல்லீங்க மாமா. அந்தச் சீக்குங்க.”

எனக்கும் மனசு லேசாகிவிட்டது.

மாத்திரையிலேயே கட்டி கரைந்துபோனது. மறுபடி ஸ்கேன் பார்த்த டாக்டர், இனிமேல் கோபம் வந்தால் அது உங்களுடையதுதான் என்று சிரித்தார். அன்றைக்கு நான் தனியாகப் போயிருந்தேன். வீட்டில் சொல்லவில்லை. பாவம், அவள் சந்தோஷத்தை ஏன் கெடுக்க வேண்டும்?

சீக்கு விசித்திரமானது, ஐயா. ஒருநாள் முதலாளி, அளவு தப்பிய பீஸ்களை எல்லார் முன்னாலும் என் மூஞ்சியில் வீசினார். கைகட்டி நின்றேன். சீக்கு வாலைச் சுருட்டிக்கொண்டு கிடந்தது. வீட்டுக்கு வந்ததும் எழுந்துகொண்டது. அன்று மயிலாளுக்குக் கை முறிந்தது.

போன வாரம், குன்னத்தூரில் அண்ணன் வீட்டுக்கே போய்விடுகிறேன், இங்கிருந்தால் உசுரு தங்காது என்றாள். எனக்கு ஆத்திரம் வரவில்லை. சாமியிடம் பூக் கேட்கலாம் என்றேன். எங்கள் பக்கத்து வழக்கம்தான். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்பு ஒரு பொட்டலம், கருப்பராயன் காலடியில் போட்டு ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் இருக்க வேண்டும், சிவப்பு வந்தால் போகலாம். பொட்டலம் மடித்தது நான். இரண்டிலும் வெள்ளை அரளியே வைத்தேன். மடிப்பு ஒன்றுக்கொன்று இம்மி பிசகவில்லை, கட்டிங் மாஸ்டர் கை அல்லவா.

எடுத்துப் பிரித்தவள் வெள்ளைப் பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சாமி சொன்னால் சரி என்று வீட்டுக்கு வந்து, பையில் எடுத்து வைத்திருந்த சேலைகளைத் திரும்பக் கொடியில் போட்டாள்.

நேற்று அவள் துவைக்க எடுத்த என் சட்டைப் பையில், கோயிலில் நான் எடுத்து ஒளித்த மற்றப் பொட்டலம் அகப்பட்டது. பிரித்துப் பார்த்துவிட்டாள்.

“சாமியவே ஏமாத்திப்போட்டீங்களே. இதுவுஞ் சீக்குங்களா?”

சத்தம்கூடப் போடவில்லை. சேலைகளை மறுபடி பையில் எடுத்து வைக்க ஆரம்பித்தாள்.

அம்மிக்குழவியால் அடித்தது என் கைதான், ஐயா. ஆனால் அது சீக்கு செய்த வேலை, அதற்கு நான் என்ன செய்ய முடியும்? அதற்கு முன்னால் எழுந்துபோய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன், அது மட்டும்தான் நான். அக்கம்பக்கத்தில் மானம் போகக் கூடாது பாருங்கள்.