பழுப்பு மஞ்சள் சட்டைக்காரருக்கு எதிரணியினர் படைக்கும் தேநீர் மடல்

கிராக்லி பேருந்து டிப்போவில் முப்பத்தெட்டு ஆண்டுகள் ஓட்டுநராகப் பணியாற்றி இன்று மாலையோடு ஓய்வு பெறும் திரு. நெவில் ஹெப்வொர்த் அவர்களுக்கு, உடன் உழைத்தோரும், ரக்பி என்று வந்துவிட்டால் ஒரு நாளும் ஒத்துப்போகாதோருமாகிய நாங்கள் ஒருமனதாக வழங்கும் பாராட்டு மடல்.

பாசத்திற்குரிய பகைவரே!

ஓசல்டன் ஈன்ற ஒப்பிலா ஓட்டுநரே! டிப்போ மொத்தமும் நீலம் அணிந்து நின்றபோதும் பழுப்பும் மஞ்சளும் பூண்டு பாதை மாறாத பண்பாளரே! மழையிலும், எப்போதாவது தப்பித்தவறி அடிக்கும் வெயிலிலும், வளைவுகளில் ஒரு மூதாட்டியின் முட்டைப்பை கூட அலுங்காமல் வண்டி திருப்பிய வல்லவரே! தோல்வியைத் தோழமையாக்கிக்கொண்ட தூயவரே! தங்களை வணங்குகிறோம், வாழ்த்துகிறோம், வம்புக்கும் இழுக்கிறோம்.

முதற்கண் ஒரு விண்ணப்பம். இந்த விண்ணப்பமும் இம்மடலின் கடைசிப் பகுதியும் தனித்தாளில் எழுதி ஒட்டப்பட்டிருப்பதையும், கண்ணாடிச் சட்டத்தின் ஒரு மூலை திருப்புளியால் நெம்பப்பட்டிருப்பதையும் தாங்கள் பெரிதுபடுத்தலாகாது. ஏன் அப்படி ஆயிற்று என்பதை நாங்களே ஒப்புக்கொள்ளத்தான் போகிறோம். அதற்கு இன்னும் சற்றுத் தைரியம் வர வேண்டியிருக்கிறது.

ஆற்றுக்கு இந்தப் பக்கம் கிராக்லி, அந்தப் பக்கம் ஓசல்டன். இரண்டு ஊருக்கும் ஒரே மழை, ஒரே பாலம், ஒரே வாய்த்துடுக்கு. ரக்பி அணி மட்டும் வேறு வேறு; எங்களுக்கு நீலம், அவர்களுக்குப் பழுப்பும் மஞ்சளும். தாங்கள் இங்கு வேலைக்கு வந்த முதல் நாள், அன்றைய மேலாளர் தங்களை அழைத்து, "வேலை இங்க, விசுவாசம் அங்கயா? பேசாம எங்க அணிக்கு மாறிடுப்பா, நிம்மதியா இருக்கலாம்" என்று அன்பாகத்தான் சொன்னார். அதற்குத் தாங்கள், "கோயிலை மாத்தச் சொல்லுங்க, யோசிக்கிறேன். மீசையை எடுக்கச் சொல்லுங்க, எடுக்கிறேன். இதை மட்டும் கேக்காதீங்க" என்று பதிலளித்தீர்கள். மறுவாரமே தங்கள் துணைவியார் திருமதி டோரீன் அவர்கள் சொன்னதன் பேரில் மீசை போயிற்று. ஓசல்டன் போகவில்லை.

அன்றிலிருந்து இந்த டிப்போவின் ஒற்றை ஓசல்டன்காரர் தாங்களே. ஆண்டுக்கொரு முறை இரண்டு ஊர் அணிகளும் மோதும். மறுநாள் திங்கட்கிழமை காலை, தோற்ற பக்கத்தின் சார்பில் ஒருவர் வென்ற பக்கத்தாரின் சட்டையை மாட்டிக்கொண்டு ஓய்வறையில் எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுக்க வேண்டும் என்பது நமது டிப்போவின் சட்டதிட்டங்களில் எழுதப்படாத, ஆனால் எழுதப்பட்டவற்றைவிடக் கறாராகக் கடைப்பிடிக்கப்படும் விதி. எங்கள் பக்கம் டிப்போ நிறைய ஆட்கள். தங்கள் பக்கம் தாங்கள். தங்கள் அணியோ, தோற்பதற்கென்றே சங்கற்பம் செய்துகொண்டது போல் ஆடி வந்தது. ஆகவே ஆண்டு தவறாமல் நீலச் சட்டை போட்டுக்கொண்டு தாங்கள் டீ போட்டீர்கள், நாங்கள் கால்மேல் கால் போட்டுக் குடித்தோம். ஒரே ஒரு முறை ஆட்டம் சமனில் முடிந்தது. அன்று டீ போடுவது யார் என்ற தகராறு தீராமல் டிப்போ முழுவதும் பச்சைத்தண்ணீர் குடித்துவிட்டு வண்டி எடுத்தது.

கொள்கையில் குன்றான தங்கள் கண்டிப்பைப் பயணிகளும் அறிவார்கள். எங்கள் மைதானத்தின் வாசலில் ஒரு நிறுத்தம் இருக்கிறது. அதன் பெயரைத் தாங்கள் ஒரு தடவையாவது வாய்திறந்து சொன்னதுண்டா? "அடுத்தது ஆஸ்பத்திரிக்கு அடுத்தது" என்பீர்கள். வெளியூர்க்காரர் ஒருவர் குழம்பிப்போய் ஆஸ்பத்திரியிலேயே இறங்கி, அங்கே காலில் கட்டோடு வெளியே வந்த யாரையோ வழிகேட்டு, கடைசியில் புகார் கொடுத்தார். மேற்பார்வையாளர் ஜாய்ஸ் ஆர்மிடேஜ் அம்மையார் தங்களைக் கூப்பிட்டு, "நெவில் கண்ணு, ஒரு பேரு தானே, சொல்லித் தொலையேன்" என்று கெஞ்சினார். "சொல்லலாம்மா. அப்புறம் வாயைக் கழுவ வண்டியில தண்ணி வசதி இல்லையே" என்றீர்கள். புகார்தாரருக்கு ஜாய்ஸ் அம்மையாரே மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

இத்தகைய தங்களைத்தான் அந்தப் பனிநாளில் நாங்கள் வேறு மாதிரி பார்த்தோம். ஓசல்டன் மைதானத்தில் எங்கள் அணி தங்கள் அணியைத் துவைத்துக் காயப்போட்ட நாள். ஆட்டம் முடிந்ததும் பனி கொட்டி, வண்டிகள் நின்று, எங்கள் ஆட்கள் பிள்ளைகுட்டிகளோடு பாலத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்கள். தோல்வியைப் பார்த்த கண்ணோடு தாங்கள் டிப்போவுக்கு நடந்து வந்து ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தீர்கள். வென்ற களிப்பில் வழியெல்லாம் தங்களை வைத்தே பாட்டுக் கட்டிப் பாடினோம். தாங்கள் ஒரே ஒரு முறை திரும்பி, "பாடுங்கப்பா, வேணாங்கல. சுருதி சேர்ந்து பாடுங்க" என்றீர்கள். ஒவ்வொருவரையும் அவரவர் வாசலில் இறக்கிவிட்டீர்கள். முகத்தில் நீலச் சாயம் பூசியிருந்த டெரிக் சக்டன், அதாவது எங்கள் பக்கத்துத் தலைவர், இம்மடலை எழுதப் பணிக்கப்பட்ட பாவி, இறங்கும்போது நன்றி சொல்ல வாயெடுத்தார். "திங்கட்கிழமை உனக்கு ஸ்ட்ராங்கா லைட்டாய்யா?" என்று கேட்டுக்கொண்டே கதவை மூடினீர்கள்.

இனி அந்தப் பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் மறுநாள் தங்கள் கையில் ஒரு காகிதப் பை இருக்கும். உள்ளே என்னவென்று கேட்டால், "உனக்கில்ல, போ" என்பீர்கள். பல ஆண்டு கழித்து ஜாய்ஸ் அம்மையார்தான் எட்டிப் பார்த்தார். இஸ்திரி போட்டு மடித்த ஓசல்டன் சட்டை. தங்கள் அணி தப்பித்தவறி வென்றால் டெரிக்குக்கு மாட்டிவிட, நம்பிக்கையோடு கொண்டுவந்தது. தோற்ற அன்றும் ஏன் தூக்கிவந்தீர்கள் என்று கேட்டதற்கு, "தோத்தா கொண்டுவரக் கூடாதுன்னா, அப்புறம் என்ன ரசிகன்?" என்றீர்களாம். டெரிக்கின் தொப்பை வளர வளர, பழையதைக் கொடுத்துவிட்டுப் பெரிய அளவில் வாங்கி வைத்தீர்களாம். உண்மையைச் சொல்கிறோம், அதைக் கேள்விப்பட்ட அன்று ஓய்வறையில் யாரும் தங்களைக் கிண்டல் செய்யவில்லை.

ஆக, தாங்கள் ஓய்வு பெறும் இந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின நாள் ஞாயிறன்று கடைசி ஆட்டம். எங்கள் கையால் ஒரு கப் டீ குடிக்கத் தங்களுக்கு மிச்சமிருந்த ஒரே வாய்ப்பு. முடிவில் எங்களுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. ஆகையால் வெள்ளிக்கிழமையே மடலை எழுதி முடித்துச் சட்டமும் போட்டுவிட்டோம். "எங்கள் கரத்தால் ஒரு மிடறு தேநீர் அருந்தாமலே விடைபெறும் விழுமியரே" என்று அதில் ஒரு வரி இருந்தது. படித்துப் பார்த்து டெரிக்கே கண் கலங்கினார். அந்த வரிதான் இப்போது ஒட்டப்பட்ட தாளுக்கு அடியில் கிடக்கிறது.

ஞாயிறன்று நடந்ததை எழுதக் கை கூசுகிறது. சேறும் சகதியுமாக ஆட்டம் சமனில் கிடந்தது. கடைசி நிமிடம். பந்து யாரிடம் போகக் கூடாதோ அவரிடம் போயிற்று. ஓசல்டனின் முன்வரிசையில் ஆடும் அந்தக் கனத்த மனிதர், பந்தைக் காலால் தொடவே கூடாது என்று தம் பயிற்சியாளராலேயே தடுக்கப்பட்டவர், என்ன நினைத்தாரோ, உதைத்தார். பந்து போதையேறியவர் வீடு திரும்புவது போல் அங்குமிங்கும் ஆடி, கோல் கம்பத்தில் இடித்து, குறுக்குக் கட்டையைத் தாண்டி அந்தப் பக்கம் விழுந்தது. அந்த உதைக்குக் கிடைத்த ஒற்றைப் புள்ளியில் ஓசல்டன் வென்றது. தங்கள் பக்கமே துள்ளிக் குதித்தபோது, தாங்கள் மட்டும் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டதை எதிர்ப்பக்கத்திலிருந்து நாங்கள் பார்த்தோம். "வீட்டுக்கு வந்தாரு மனுஷன். நேரா போய் இஸ்திரிப் பெட்டியை எடுத்தாரு" என்று திருமதி டோரீன் இன்று எங்களிடம் சொன்னார்.

இன்று காலை தாங்கள் பையைப் பிரித்தீர்கள். சட்டை டெரிக்குக்கு அளவெடுத்துத் தைத்தாற்போல் பொருந்தியது. தாங்கள் நாற்காலியில் அமர்ந்தீர்கள். பிறகுதான் எங்கள் வண்டவாளம் வெளிப்பட்டது. டீத்தூள் பைகள் எந்த அலமாரியில் இருக்கின்றன என்று யாருக்கும் தெரியவில்லை. கிடைத்ததும் டெரிக் அவற்றை, வெந்நீர் மட்டுமே கொதிக்க வேண்டிய கெட்டிலுக்குள்ளேயே போட்டுக் கொதிக்கவிட்டார். ஜாய்ஸ் அம்மையார் தலையில் கைவைத்துக்கொண்டார். தாங்கள் எழுந்து வந்து தடுப்பீர்கள் என்று எதிர்பார்த்தோம். தாங்கள் அசையவில்லை.

"எத்தனை சர்க்கரை, நெவில்?" என்று டெரிக் கேட்டார்.

எங்களில் யாருக்குச் சர்க்கரை வேண்டாம், யாருக்கு மூன்று, யாருக்குப் பால் தூக்கல் என்று தங்களுக்கு மனப்பாடம். தங்களுக்கு எத்தனை என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. தாங்களே, "ரெண்டு" என்றீர்கள்.

தார் நிறத்தில் இருந்த அந்தத் திரவத்தைத் தாங்கள் அவசரப்படாமல், அடி வண்டல் வரை குடித்தீர்கள். கப்பை வைத்தீர்கள். "என் ஆயுசுல இவ்வளவு கேவலமான டீ குடிச்சதில்லப்பா" என்றீர்கள். கப்பை டெரிக் பக்கம் நகர்த்தினீர்கள். "இன்னொரு கப்பு குடு."

அன்பரே, தாங்களும் திருமதி டோரீன் அவர்களும் முழங்கால் வலி நீங்கி, நல்லுடல் நலத்தோடு, ஞாயிறு தவறாமல் மைதானத்தில் நனைந்து, நெடுநாள் வாழ்வாங்கு வாழ வேண்டும். தங்கள் அணி மறுபடியும் வெல்ல வேண்டும் என்று வாழ்த்த மட்டும் எங்களுக்கு நா எழவில்லை. சபையில் பொய் சொல்லக் கூடாது. ஆனால் ஒரு தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறோம். ஓய்வு பெற்றதைக் காரணம் காட்டித் தாங்கள் நம் விதியிலிருந்து நழுவ முடியாது. அடுத்த ஆண்டு ஆட்டத்துக்கு மறுநாள், வென்றாலும் தோற்றாலும், அந்தப் பையோடு தாங்கள் வந்தே ஆக வேண்டும். தாங்கள் வரும்வரை யாரும் டீ குடிக்கப்போவதில்லை. டெரிக் போட்டதைக் குடித்தவர்களுக்கு அதில் வருத்தமும் இல்லை.

என்றும் தங்கள் எதிர்ப்பக்கத்திலேயே நிற்கும்,
கிராக்லி பேருந்து டிப்போவின் ஓட்டுநர்கள், பணியாளர்கள் அனைவரும்

பின்குறிப்பு: கெட்டிலுக்கு மேலே சுவரில் எழுதிவிட்டோம். நெவில், இரண்டு.