நாமினேட் ஆனவர்

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்தவர் திடீரென்று குரலை உயர்த்தினார்.

“ஏலே, என்னயத் தூக்கிட்டுப் போவதுக்கு நா என்ன சப்பரத்துல வார சாமியா?”

பக்கத்திலிருந்த இளைஞர் தணிவாகச் சொன்னார். “மெதுவா பேசுங்க அண்ணாச்சி. பேரூராட்சிக்கு உங்களத்தான நாமினேட் பண்ணியிருக்காவ. பெரிய விசயம்லா?”

“மாற்றுத்திறனாளிக்குன்னு ஒரு மெம்பர் பதவி. நாமினேட் பண்ணி மாலையும் போட்டாச்சு. ஆனா கூட்டத்த மாடியில வச்சிருக்கான். படியேற முடியாதுன்னு சொன்னா, நாலு பேரு சேரோட தூக்குதோம்ங்கான். கீழ ஒரு ரூம்ல நடத்துனா என்னல கொறஞ்சிரும்?”

“அவுக ஓட்டு வாங்கி ஜெயிச்சவுக. நீங்க நாமினேட் ஆனவுகதான அண்ணாச்சி. கொஞ்சம் அனுசரிச்சுப் போவோம்.”

“நாமினேட் பண்ணுததுன்னா பேர மட்டும் மாடிக்கு ஏத்துததா? ஆளு கீழயே கெடக்கணுமோ?”

குற்றாலத்தில் பஸ் நின்றதும், அவர் இறங்குவதற்கு இளைஞர் கை நீட்டினார். அண்ணாச்சி அந்தக் கையைப் பிடிக்காமல், கம்பியைப் பிடித்துத் தானாகவே இறங்கினார்.

“அடுத்த கூட்டத்துக்கு முத ஆளாப் போயி அந்த மாடிப்படியில உக்காருதேன். ஏறுதவன் எவனா இருந்தாலும் என்னயத் தாண்டித்தான் ஏறணும்.”