மஞ்சளும் நீலமும் தங்கச்சியும்

இல்ல சார், யாரும் கல்லெறியல. கல்லடி பட்டா பட்ட எடத்துலதான் உடையும். இந்த விரிசல் ஒவ்வொண்ணும் போல்ட் மாட்டின ஓட்டையிலேருந்து கெளம்பியிருக்கு பாருங்க. ஏழு ஷீட்ல நாலு போச்சு. தொடாதீங்க, கையைக் கிழிச்சிடும்.

நானா? இந்தச் சிற்பத்தைச் செஞ்சவளோட அக்கா. அவ வரல. மூணு நாளா கதவைச் சாத்திக்கிட்டு அழுறா. பூங்கா ஆபீஸ்லேருந்து சோதனைக்கு வர்றாங்க, நீ போய் நில்லுக்கான்னா. இருபது வருஷமா இதே அக்ரிலிக் ஷீட்டை அறுத்து, ஓட்டை போட்டு, பேர்ப்பலகை செய்றவ நான். பல் டாக்டர், வக்கீல், ஜெராக்ஸ் கடை... ஊர்ல பாதிப் பேரோட பேரை நான்தான் மாட்டியிருக்கேன். என் பேரு எங்கயாவது இருக்கா? இவ, என் பட்டறையில கழிச்சுப் போட்ட துண்டைப் பொறுக்கி வெளையாடினவ, சிற்பியாம்!

எம்பொண்ணுகிட்ட ஸ்கூல்ல வீட்டு மனுஷங்களைப் பத்தி எழுதச் சொன்னாங்க. எங்க சித்தி வெளிச்சத்தை வச்சு சிற்பம் செய்யப்போறாங்கன்னு ரெண்டு பக்கம். எங்கம்மா போர்டு கடை வச்சிருக்காங்கன்னு ஒரு வரி. பெத்தவளுக்கு ஒரே ஒரு வரி சார்!

திறப்பு விழாவுக்கு வயித்தெரிச்சலோடதான் வந்தேன், என்னத்த மறைக்கிறது? மூக்கு இல்ல முழி இல்ல, கலர் கலரா ஏழு பலகைய நட்டு வச்சா சிற்பமான்னு முணுமுணுத்துக்கிட்டே நின்னேன். வெயில் சாஞ்சுச்சு. நீலத்து வழியா வந்த வெளிச்சம் மஞ்சளுக்குள்ள பூந்து, பச்சையா விழுந்துச்சு. தரையில, என் காலு மேல, கை மேல எல்லாம் பச்சை. அப்படியே நின்னுட்டேன். அதே ஷீட்தான், எங்கிட்ட கட்டுக் கட்டா கெடக்கு. எனக்கு ஒரு நாளும் தோணலியே! நல்லா இல்லாம இருந்திருந்தா நிம்மதியா வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பேன்.

என்ன எழுதுறீங்க? செஞ்சவங்களோட கவனக்குறைவா? அப்போ இதைப் பிரிச்சிடுவீங்க. நூலக வாசல்ல வைக்கப்போற அடுத்த சிற்ப வேலையும் அவளுக்கு இல்ல. அப்படித்தானே?

கொஞ்சம் பேனாவை நிறுத்துங்க. வீட்டுக்குள்ள மாட்டுற பலகைக்கு போல்ட் அளவுக்கே ஓட்டை போட்டா போதும். வெளிய நிக்கிறது வெயிலுக்கு விரியும், ஆறினா சுருங்கும். ஓட்டையை போல்ட்டை விட ஒரு நூல், ஒரு மூணு மில்லிமீட்டர், பெருசா விடணும். இல்லேன்னா இழுத்து விரிசல் விட்டுடும். அவளுக்கு அது தெரியாது, இதுவரைக்கும் ஹாலுக்குள்ள வைக்கிறதுதான் செஞ்சிருக்கா. அதான் ட்ரில்லைக் கையில எடுக்குறதுக்கு முன்னாடி எனக்குப் போன் போட்டா. அக்கா, போல்ட் அளவுக்கே போட்டா போதுமான்னு கேட்டா. போதும்டி, போடுன்னேன். திறப்பு விழா அன்னிக்காவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கல.

இன்னிவரைக்கும் அவ யார்கிட்டயும் என் பேரைச் சொல்லல சார். அக்காவுக்கே தெரியாமப் போச்சு, பாவம், அவளை எதுக்கு இதுல இழுக்கணும்னு நெனச்சுக்கிட்டிருக்கா. எனக்குத் தெரியும் சார். தெரிஞ்சுதான் சொன்னேன். எழுதிக்கோங்க.