கோர்ட்டுப் பட்டியலில் தம்பிராசா

காலை ரயிலில் எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். கைபேசியில் எதையோ தேடிக்கொண்டிருந்த மனைவி திடீரென்று சொன்னார்:

"இஞ்சருங்கோ, செத்துப்போன உங்கட அப்பாவை ஒன்பதரைக்குக் கோர்ட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறாங்கள்."

நான் அடுத்த ஸ்டேஷனான வெஸ்ட்மீட்டில் இறங்க வேண்டியவன். இறங்கவில்லை.

"விசர்க்கதை கதையாதை. அப்பா சைக்கிளைத் தவிர ஒண்டும் ஓடினதில்லை."

"நீங்களே பாருங்கோ. தம்பிராசா, கார் வேகமா ஓடின வழக்கு, பரமட்டா கோர்ட்."

கோர்ட்டிலிருந்து வந்த கடிதத்தைக் கணவர் தொலைத்துவிட்டாராம்; அதனால்தான் கைபேசியில் கோர்ட்டுப் பட்டியலைத் தேடுகிறார்கள். இன்று போய் நிற்காவிட்டால் அவர் இல்லாமலே தீர்ப்புச் சொல்லிவிடுவார்களாம். லைசென்ஸ் போனால் டெலிவரி வேலையும் போய்விடும்.

"குகன் குகன் எண்டு தேடினா எப்பிடி வரும்? லைசென்சில அப்பான்ர பேர்தானே உங்கட குடும்பப் பேர்."

"ஓடினது நான், பேர் அவருக்கோ?"

"அதை நீதவானிட்டக் கேளுங்கோ. பகிடி இல்லையப்பா, உள்ளுக்கை மிஸ்டர் தம்பிராசா எண்டுதான் கூப்பிடுவாங்கள். வேற ஆரோ எண்டு நினைச்சு வாயைப் பாத்துக்கொண்டு இருந்திடாதேங்கோ. வேலையில எல்லாரும் குகன் எண்டு கூப்பிட்டு உங்களுக்குப் பழகிப்போச்சு."

பரமட்டாவில் கதவு திறந்தது. அவர் சட்டைக் கொலரைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"அதுக்கு நீ பயப்பிடாதை. அப்பான்ர பேர் காதில விழுந்தா, இருக்கிற கதிரையால நான் தானா எழும்பிடுவன்."