பினாங்கின் ராகு காலம்

"அம்மா, இத்தனை வருஷமா நீங்க தப்பான ராகு காலத்துக்குப் பயந்துக்கிட்டு இருந்திருக்கீங்க."

கெலுகோரிலிருந்து டவுனுக்குப் போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் இருந்த மாணவி சொன்னாள். அரை செமஸ்டர் படித்தவர்களுக்கு மட்டுமே வாய்க்கும் குரல் அது. பஸ் முழுக்கக் கேட்டது. பக்கத்தில், மடியில் காய்கறி நிறைந்த பசார் பையோடு அவள் அம்மா.

"என்னடி உளர்றே? காலண்டர்லயே போட்டிருக்கு."

"அது இந்தியாவுல அச்சடிச்ச காலண்டர் லா. ஆறு மணிக்குச் சூரியன் உதிக்கிற கணக்கு. பினாங்குல ஏழு மணிக்கு மேலதானே உதிக்குது? எல்லாமே ஒரு மணி நேரத்துக்கு மேல தள்ளிப் போகும்."

"நீ இலக்கியம் படிக்கத்தானே போனே?"

"எங்க காலேஜ்ல எதைப் படிச்சாலும் ஒரு செமஸ்டர் வானவியல் எடுத்தே ஆகணும். ராகுன்னு ஒரு கிரகமே இல்லம்மா. பயப்படுறதுதான் பயப்படுறீங்க, சரியான நேரத்துலயாவது பயப்படக்கூடாதா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை.

"சரி, அறிவாளி. செவ்வாய்க்கிழமை காலண்டர்ல மூணுலேருந்து நாலரை. உன் கணக்குல எப்போ?"

"நாலேகால்லேருந்து அஞ்சே முக்கால் வரைக்கும்."

"இந்த வானவியல் பரீட்சை செவ்வாய்க்கிழமைதானே? எத்தனை மணிக்கு?"

"அஞ்சு மணிக்கு..."

பஸ் டத்தோ கிராமாட் ஸ்டாப்பில் நின்றது. இறங்க எழுந்தபோது, அம்மாவுக்கும் பின் சீட்டில் இருந்த எனக்கும் மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்:

"அம்மா, நம்ம காலண்டர்ல உள்ளபடியே இருக்கட்டும் லா."