தாமதத்தை நோயென்று எழுத மறுத்தவருக்கு

உண்மையை உறையவைத்து உருகாமல் காத்தவரே! பதவிக்காகப் பல்லிளிக்காத பெருமாட்டியே! குடகின் குளிரைக் கையிலும் குடகு மிளகைப் பேச்சிலும் கொண்டு மைசூருக்கு வந்த டாக்டர் தேச்சம்மா பெள்ளியப்பா அவர்களே! பணி ஓய்வு பெறும் உங்களுக்கு எங்கள் வணக்கம்.

இந்த மடலை இனிக்க இனிக்க எழுதச் சொன்னார் நம் இயக்குநர் டாக்டர் ஜயதீர்த்த கட்டி. "நாலு நல்ல வார்த்தை போதும்ப்பா, பழசைக் கிளறாதீங்க" என்றார். நல்ல வார்த்தைகள் எங்களிடம் நிறைய இருக்கின்றன. பழசைக் கிளறாமல் அவற்றில் ஒன்றைக்கூட வெளியே எடுக்க முடியவில்லை. அதற்காக மன்னிப்புக் கேட்கவும் மனம் வரவில்லை.

மூளையின் உயிரணுக்களில் எந்த மரபணு பேசலாம், எது வாய்மூட வேண்டும் என்று அடக்கி ஆளும் ஆர்.என்.ஏ. சிற்றிழைகளை ஆயுளெல்லாம் ஆராய்ந்தவர் நீங்கள். மனச்சிதைவு நோயாளிகளின் மூளையில் ஒரு சிற்றிழை மிகுந்து கிடப்பதாக நம் மூளை ஆய்வு மையம் கட்டுரை வெளியிட்டபோது ஊரெங்கும் பேனர் கட்டினார்கள். இயக்குநர் கழுத்தில் மாலை, தலையில் மைசூர்ப் பேட்டாத் தலைப்பாகை. "நோயோட கையெழுத்தையே கண்டுபிடிச்சுட்டோம்!" என்று மேடையில் முழங்கினார். நீங்கள் மட்டும் கைதட்டவில்லை. "அந்த மூளையெல்லாம் நம்ம கைக்கு வர எவ்வளவு நேரம் ஆச்சு, சார்?" என்று கேட்டீர்கள்.

விபத்தில் இறந்தவர்களின் மூளையைச் சொந்தக்காரர்கள் சம்மதித்து உடனே தந்தார்கள். அவை தாமதமின்றி உறைநிலைக்குப் போயின. மனநோய் விடுதியில் இறந்தவர்களுக்காகச் சம்மதம் சொல்ல ஒருவரும் வரவில்லை. அரசாங்க அனுமதி ஆடி அசைந்து வரும்வரை பிணவறையில் நாள் கணக்கில் கிடந்தார்கள். கிடந்த நேரத்தில் நெடிய ஆர்.என்.ஏ. இழைகள் அறுந்து துண்டுதுண்டாயின. உடைந்த குடத்தின் ஓடுகளைச் சின்னக் கலயங்கள் என்று எண்ணுவதுபோல, அந்தத் துண்டுகளைத்தான் இங்கே சிற்றிழை என்று எண்ணினார்கள். உயிரோடு இருந்தபோது எட்டிப் பார்க்காத உலகம், செத்த பிறகும் எட்டிப் பார்க்காத தன் குற்றத்தை அவர்கள் மூளையின் மேலேயே எழுதிவைத்தது.

நீங்கள் வாதாடவில்லை, அருந்திறலாரே, சோதித்துக் காட்டினீர்கள். நம் ஸ்டோர் கீப்பர் சென்னவீரப்பா உடல்தானம் எழுதிவைத்திருந்தார். "என் மண்டையில ஒண்ணுமே இல்லேன்னு வீட்டுக்காரி சொல்றா மேடம். நான் போனப்புறம் தொறந்து பார்த்து அவளுக்கு ஒரு பதில் சொல்லிடுங்க" என்று சிரித்த மனிதர். மனநோயின் நிழல்கூட அவர்மேல் பட்டதில்லை. அவர் இறந்ததும் அவர் மூளையில் ஒரு பாதியை உடனே உறையவைத்தீர்கள். மறுபாதியை, அந்த நாதியற்றவர்கள் காத்திருந்த அதே பிணவறையில் அதே அளவு காத்திருக்க வைத்தீர்கள். முதல் பாதியில் 'நோயின் கையெழுத்து' இல்லை. மறுபாதியில் கொட்டிக் கிடந்தது.

அதைச் சொல்லப் போனீர்கள். கேண்டீனில் சௌசௌ பாத் சாப்பிட்டுக்கொண்டிருந்த இயக்குநர், "ஏம்மா, நல்லா ஓடுற வண்டிக்கு முன்னாடி எதுக்குக் கல்லைப் போடுறீங்க?" என்றார். வண்டி ஓடியது, உங்கள் பதவி உயர்வு நின்றது. உங்கள் ஆய்வை வெளியிட அனுமதியும் கிடைக்கவில்லை.

அதோடு விட்டார்களா? அதே சிற்றிழையை இரத்தத்தில் தேடும் முகாம்களைத் தொடங்கினார்கள். ஹுன்சூர் முகாமில் எடுத்த இரத்தம் மத்தியான வெயிலில் பஸ்ஸேறி வந்து கெட்டது. ஒரு நோயாளியின் அக்கா மங்களகௌரிக்கும் 'கையெழுத்து' இருப்பதாகச் சீட்டுப் போயிற்று. நிச்சயித்த கல்யாணம் நின்றது. "தம்பிக்குப் பைத்தியம்னு சொன்னப்பகூடத் தாங்கிக்கிட்டேன் மேடம். இப்ப எனக்கும்னு சொல்றாங்களே!" என்று உங்கள் முன் அழுதாள். அங்கேயே இரத்தம் எடுத்து, பனிக்கட்டியில் வைத்துச் சோதித்தீர்கள். எதுவும் இல்லை. "ஒனக்கு ஒண்ணும் இல்லம்மா. வியாதி அந்த பஸ்ஸுக்குத்தான்" என்றீர்கள். அவள் சிரித்தாள். மாப்பிள்ளை வீட்டார் திரும்பி வரவில்லை.

சென்னவீரப்பாவின் இரு பாதிகளும் இன்றைக்கும் உங்கள் ஃப்ரீசரில் இருக்கின்றன. அந்தக் கட்டுரையைச் சாய்க்க அவற்றைவிட்டால் வேறு சான்று இல்லை. அவற்றைச் சரிபார்க்கப் புனேயிலிருந்து ஆய்வாளர்கள் அடுத்த மாதம் வருகிறார்கள். ஆனால் நாளைக்கே ஃப்ரீசரைக் காலி செய்ய வேண்டும் என்று இயக்குநரின் உத்தரவு வந்திருக்கிறது. பழைய சாமானாம், கரண்டு தண்டமாம்! மின்பிரிவு ருத்ரமுனி அதைக் கேட்டுவிட்டு, "லைனைப் புடுங்கறதுக்கு முன்னாடி என்னைப் புடுங்கட்டும்" என்றார்.

நெஞ்சுரம் நிறைந்தவரே! நோய்நொடியின்றி, நாவின் காரம் குறையாமல், நீங்கள் நூறாண்டு வாழ வேண்டும். அந்த ஃப்ரீசரும் குளிர் குறையாமல் உங்களோடு வாழ வேண்டும்.

நாங்கள் நகலைப் பார்த்து வாசிக்க, சபை மரியாதைப்படி, கண்ணாடிச் சட்டமிட்ட இந்த மடலை இப்போது இயக்குநர்தான் கையில் ஏந்தி நிற்கிறார். அதன் பின்னட்டைக்குள் ஃப்ரீசரின் சாவியை வைத்து ஒட்டியிருக்கிறோம். மாற்றுச் சாவி கிடையாது. சபை பார்த்துக்கொண்டிருக்கிறது, முதல் வரிசையில் மங்களகௌரியும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். சார், மடலை மேடம் கையில் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்களோடு நிற்கும்
ஆய்வகப் பணியாளர்கள் அனைவரும், மைசூரு